தசைச் செல்லின் சவ்வைத் தாங்கும் புரதச் சங்கிலி: தசைச் சிதைவு நோய்களும் மரபணுச் சிகிச்சைச் சர்ச்சையும்

சிறுவர்களின் தசைகளைப் படிப்படியாக அழிக்கும் மரபணு நோயான டுஷேன் தசைச் சிதைவு நோய்க்கு வழங்கப்பட்டுவந்த ‘எலெவிடிஸ்’ என்னும் மரபணுச் சிகிச்சையின் விநியோகத்தை நிறுத்திவைக்குமாறு, 2025 ஜூலை 18 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதன் தயாரிப்பாளரான சரெப்டா நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது. பத்து நாட்கள் கழித்து, நடக்கக்கூடிய நிலையில் உள்ள நோயாளிகளுக்கு மட்டும் மீண்டும் வழங்கலாம் என்று அந்த நிர்வாகமே தெரிவித்தது. இதற்குக் காரணமாக அமைந்தவை கல்லீரல் செயலிழப்பால் நேர்ந்த மூன்று மரணங்கள். இறந்தவர்களில் இருவர் நடக்கும் திறனை ஏற்கெனவே இழந்திருந்த டுஷேன் நோயாளிகள். மூன்றாமவருக்கு வயது 51. அவருக்கு இருந்தது டுஷேன் நோய் அல்ல, அவருக்குச் செலுத்தப்பட்டதும் எலெவிடிஸ் அல்ல.

வேறொரு நோய்க்கு வேறொரு மருந்து பெற்றவரின் மரணம் ஏன் இந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டது? ‘குணப்படுத்தும் மருந்து’ என்று 2023இல் செய்திகளில் கொண்டாடப்பட்ட சிகிச்சை, அதே ஆண்டு வெளியான பெரிய ஆய்வில் முதன்மை இலக்கை எட்டவில்லை என்பதற்கு என்ன பொருள்? இவற்றுக்கு விடை தேடுபவர் பங்குச் சந்தைச் செய்திகளை விட்டுவிட்டுத் தசைச் செல்லின் வெளிச்சவ்வில் இருந்து தொடங்குவது நல்லது. அந்தச் சவ்வைத் தாங்கிப் பிடிக்கும் புரத அமைப்பைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டியவர்களில் முதன்மையானவர், அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் நடத்திவரும் கெவின் கேம்ப்பெல். இக்கட்டுரை பெரும்பாலும் அவருடைய ஆய்வின் தடத்தைப் பின்பற்றியே செல்கிறது.

தசை இழையும் அதன் சவ்வும்

எலும்புத் தசையின் அடிப்படை அலகு தசை இழை. ஒவ்வோர் இழையும் பல முன்னோடிச் செல்கள் ஒன்றாக இணைந்து உருவான ஒரே நீண்ட செல்லாகும். அதற்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கும். இழைக்குள் ஆக்டின், மயோசின் என்னும் புரத நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதால் தசை சுருங்குகிறது. இந்த விசை இழையின் இரு முனைகள் வழியாக மட்டுமல்லாமல், பக்கவாட்டிலும் வெளியே கடத்தப்பட வேண்டும். ஒவ்வோர் இழையையும் சுற்றி லாமினின் முதலிய புரதங்களால் ஆன ஒரு மெல்லிய உறை இருக்கிறது. உள்ளே சுருங்கும் நூல்கள், வெளியே உறை, இடையில் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன சவ்வு என்பது அமைப்பு.

இடையில் உள்ள சவ்வு மிக மெலிந்தது. அதற்கெனத் தனி வலிமை ஏறக்குறைய இல்லை. அப்படியிருந்தும் ஒரு நாளில் எத்தனையோ ஆயிரம் முறை சுருங்கி விரியும் இழையில் அது கிழியாமல் இருக்கிறது. கீழே உட்காரும்போதும் படியில் இறங்கும்போதும் தசை நீண்டுகொண்டே விசை கொடுக்கிறது. சவ்வுக்கு மிகுந்த சோதனை அப்போதுதான். எது அதைக் காக்கிறது என்ற கேள்விக்கு 1980களின் இறுதி வரை தெளிவான விடை இல்லை.

ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டிய புரதம்

பாஸ்டன் நகரில் லூயி குங்கல் தலைமையிலான குழு 1986இல் டுஷேன் நோய்க்குக் காரணமான மரபணுவையும், 1987இல் அது உருவாக்கும் புரதத்தையும் கண்டறிந்து, அப்புரதத்துக்கு டிஸ்ட்ரோஃபின் என்று பெயரிட்டது. தசையின் மொத்தப் புரதத்தில் டிஸ்ட்ரோஃபினின் பங்கு ஏறத்தாழ 0.002 விழுக்காடுதான். இவ்வளவு சிறிய அளவில் இருக்கும் ஒன்று இல்லாமற்போவதால் ஒரு சிறுவனின் உடல் முழுவதும் உள்ள தசைகள் எப்படி அழியும் என்பது அன்றைய புதிர்.

கேம்ப்பெல் அப்போது தசையின் சவ்வுகளில் கால்சியத்தைக் கையாளும் புரதங்களைப் பிரித்தெடுப்பதில் தேர்ந்தவராக இருந்தார். டிஸ்ட்ரோஃபின் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறிய அவர் குங்கல் குழுவுடன் சேர்ந்து செய்த முதல் ஆய்வு, அது செல்லுக்குள் கால்சியம் விடுவிக்கப்படும் சந்திப்புகளில் இருப்பதாக 1987இல் கூறியது. அடுத்த ஆண்டே, எதிர்ப்புரதங்களைக் கொண்டு தசைத் துண்டுகளுக்குச் சாயமேற்றிப் பார்த்த பல குழுக்கள், அது இழையின் வெளிச்சவ்வின் உட்புறத்தில் படிந்திருப்பதைக் காட்டின. முதல் முடிவு நிலைக்கவில்லை. ஆனால் சவ்வுப் புரதங்களைச் சிதைக்காமல் பிரிக்கும் கைத்திறன் கேம்ப்பெலின் கூடத்தில் இருந்தது. அடுத்த கண்டுபிடிப்பு அதிலிருந்தே வந்தது.

கோதுமை முளையில் உள்ள ஒரு புரதம் சில வகைச் சர்க்கரைகளைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அதைச் சிறு மணிகளில் பதித்து ஒரு குழாயில் நிரப்பி, மென்மையான கரைப்பானில் கரைத்த தசைச் சவ்வை அதன் வழியே செலுத்தினால், சர்க்கரை ஒட்டிய புரதங்கள் மட்டும் குழாயில் தங்கும். டிஸ்ட்ரோஃபின் அப்படிப்பட்ட புரதம் அல்ல. எனினும் முயலின் தசைச் சவ்வைக் கொண்டு ஸ்டீவன் கால் என்பவருடன் கேம்ப்பெல் செய்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், டிஸ்ட்ரோஃபின் குழாயிலேயே தங்கிவிட்டது. தன்னிடம் சர்க்கரை இல்லாத புரதம் அங்கே தங்க வேண்டுமானால், சர்க்கரை உள்ள இன்னொன்றின் கையை அது இறுகப் பிடித்திருக்க வேண்டும். டிஸ்ட்ரோஃபின் தனித்து இயங்குவதில்லை என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று இது. துறைக்கு வெளியே அதிகம் பேசப்படாத சோதனை. பின்னால் வந்த பெரும்பாலானவற்றுக்கு அதுவே வேர் என்பது என் கணிப்பு.

1990இல் ஜேம்ஸ் எர்வாஸ்டியும் கேம்ப்பெலும் அந்தக் கூட்டமைப்பை முழுமையாகப் பிரித்தனர். டுஷேன் நோயாளிகளின் தசையில் டிஸ்ட்ரோஃபின் மட்டுமல்லாமல் கூட்டமைப்பின் பிற உறுப்புகளும் சவ்வில் பெருமளவு குறைந்திருந்தன. அந்தப் பிற உறுப்புகளின் மரபணுக்களில் எந்தப் பழுதும் இல்லை. ஒன்று இல்லாதபோது மற்றவை நிற்க இடமின்றிப் போகின்றன.

சங்கிலியின் கண்ணிகள்

உள்ளிருந்து வெளியே செல்லும் வரிசையில் இந்த அமைப்பைப் பின்வருமாறு காணலாம்.

1. செல்லின் உள்ளே ஆக்டின் நூல்கள்.

2. அவற்றை ஒரு முனையால் பற்றும் டிஸ்ட்ரோஃபின். 3,685 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட கோல் போன்ற புரதம். நடுப்பகுதியில் ஒரே மாதிரியான 24 மடிப்புகள் அடுத்தடுத்து வருகின்றன.

3. டிஸ்ட்ரோஃபினின் மறுமுனையைப் பிடிக்கும், சவ்வை ஊடுருவி நிற்கும் பீட்டா டிஸ்ட்ரோகிளைக்கன்.

4. அதனுடன் சவ்வின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் ஆல்ஃபா டிஸ்ட்ரோகிளைக்கன். இவை இரண்டும் ஒரே மரபணுவின் ஒரே புரதமாக உருவாகிப் பின்னர் இரண்டாக வெட்டப்படுபவை என்பதையும், ஆல்ஃபா பகுதி லாமினினைப் பற்றுகிறது என்பதையும் 1992இல் கேம்ப்பெலின் குழு காட்டியது.

5. வெளியுறையில் உள்ள லாமினின்.

இந்த வரிசைக்குப் பக்கத்தில் நின்று அதை நிலைநிறுத்துபவை சார்கோகிளைக்கன்கள் என்னும் நான்கு புரதங்கள். இவற்றில் ஆல்ஃபா வகையின் மரபணுப் பழுது ஒரு குடும்பத்தில் தசைச் சிதைவை உண்டாக்கியிருந்ததை 1994இல் கேம்ப்பெல் குழு பிறருடன் சேர்ந்து கண்டறிந்தது. இடுப்பு, தோள் பகுதித் தசைகளை முதலில் தாக்குவதால் மூட்டு வளையத் தசைச் சிதைவு என்று அழைக்கப்படும் நோய்த்தொகுதியில் இது ஒரு வகை. 2025இல் இறந்த 51 வயது நோயாளிக்கு இருந்தது இந்த வகைதான்.

அதுவரை மருத்துவர்கள் எந்தத் தசை முதலில் தளர்கிறது, எந்த வயதில் தொடங்குகிறது, ஆண்களுக்கு மட்டும் வருகிறதா என்பவற்றைக் கொண்டு இந்நோய்களைத் தனித்தனியே வகைப்படுத்திவந்தனர். அவற்றில் பல, ஒரே சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகள் அறுந்ததன் விளைவுகள் என்பது அதன் பிறகே தெளிவாயிற்று.

அறுந்தபின் நடப்பது

சங்கிலி இல்லாத இழையில், சுருங்கும் விசை சவ்வின் மீதே நேராக இறங்குகிறது. சவ்வு சிறு சிறு இடங்களில் கிழிகிறது. இதைக் கண்ணால் காண ஒரு வழி உண்டு. எவான்ஸ் நீலம் என்ற சாயம் இரத்தத்தில் உள்ள அல்புமின் என்னும் புரதத்துடன் ஒட்டிக்கொள்ளும். நலமான தசை இழைக்குள் அதனால் புக முடியாது. டிஸ்ட்ரோஃபின் இல்லாத எலிக்கு அதைச் செலுத்தினால் தசையில் நீலத் திட்டுகள் தோன்றும். ஆனால் லாமினின் குறைபாடுள்ள எலிகளில், தசை கடுமையாகச் சிதைந்திருந்தும் சாயம் பெரும்பாலும் உள்ளே புகவில்லை என்று 1997இல் கேம்ப்பெலின் கூடம் கண்டது. ஆகவே எல்லாத் தசைச் சிதைவும் சவ்வு கிழிவதால் மட்டும் வருவதாகச் சொல்லிவிட முடியாது.

கிழிசல் வழியாக இரண்டு திசைகளிலும் போக்குவரத்து நடக்கிறது. வெளியிலிருந்து கால்சியம் உள்ளே பாய்ந்து, புரதங்களை வெட்டும் நொதிகளைத் தூண்டி, இழையைக் கொல்கிறது. இழையை ஒட்டி உறங்கும் தசைத் தண்டுச் செல்கள் விழித்துப் புதிய இழையை உருவாக்குகின்றன. புதிய இழைக்கும் அதே பழுது. அழிவும் ஆக்கமும் ஆண்டுக்கணக்கில் மாறி மாறி நடந்து, இறுதியில் ஆக்கம் பின்தங்க, தசை இருந்த இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்புகின்றன. டுஷேன் சிறுவர்களின் கெண்டைக்கால் பருத்துத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளிருந்து வெளியேறுபவற்றுள் முக்கியமானது கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி. சாதாரணமாக இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 200 யூனிட்டுக்குள் இருக்கும் இதன் அளவு, டுஷேன் சிறுவர்களில் பல ஆயிரங்களைத் தொடும். நோய் முற்றிய நிலையில் இந்த எண் குறையும். கசிவதற்கான தசை குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள், நலம் பெற்றதாகக் கொள்ளக் கூடாது. இன்னொரு செய்தி பெற்றோர் அறிந்திருக்க வேண்டியது: கல்லீரல் பரிசோதனையில் பார்க்கப்படும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. நொதிகள் தசையிலும் உள்ளன. இதனால் தசை நோயுள்ள குழந்தைக்குக் கல்லீரல் கோளாறு என்று எண்ணி நீண்டநாள் பரிசோதனைகள் நடப்பதுண்டு. தசையிலிருந்து கசியாத ஜி.ஜி.டி. என்ற நொதியின் அளவைச் சேர்த்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். மரபணுச் சிகிச்சைக்குப் பின் கல்லீரலைக் கண்காணிப்பதில் ஜி.ஜி.டி. முக்கிய இடம் பெறுவதும் இதனாலேயே.

சங்கிலி நலமாக இருந்தும் தசை சிதைவதுண்டு. வலுவான தசையிலும் கிழிசல்கள் நேர்கின்றன. செல் அவற்றை உடனடியாக ஒட்டுப்போட்டுவிடுகிறது. 2003இல் கேம்ப்பெலின் குழு தசை இழையின் சவ்வில் லேசர் கதிரால் துளையிட்டு, ஒளிரும் சாயம் உள்ளே புகுவதை அளந்தது. இயல்பான இழையில் சிறிது நேரத்தில் துளை அடைபட்டுச் சாயம் நின்றது. டிஸ்ஃபெர்லின் என்ற புரதம் இல்லாத இழையில் சாயம் புகுந்துகொண்டே இருந்தது. இளமையில் நன்றாக ஓடியாடி, பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தசை தளரத் தொடங்கும் ஒரு வகை நோயின் அடிப்படை இதுவே.

சட்டக விதியும் சுருக்கிய மரபணுவும்

டிஸ்ட்ரோஃபின் மரபணு மனித மரபணுக்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. எக்ஸ் குரோமோசோமில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டி.என்.ஏ. எழுத்துகளில் பரந்து கிடக்கிறது. இதில் புரதத்துக்கான செய்தி 79 எக்ஸான் துண்டுகளில் உள்ளது; துண்டுகளை இணைத்தால் வரும் செய்தியின் நீளம் ஏறத்தாழ 14,000 எழுத்துகள். எழுத்துகளை மும்மூன்றாகவே செல் படிக்கிறது. சில எக்ஸான்கள் விடுபட்டுப்போகும்போது, இழந்த எழுத்துகளின் எண்ணிக்கை மூன்றால் வகுபடாவிட்டால், அதன் பின் வரும் செய்தி முழுவதும் பிழையாகிப் புரதம் உருவாவதே நின்றுபோகும், அது டுஷேன். வகுபட்டால், நடுவில் குறைந்த, ஆனால் இரு முனைகளும் உள்ள புரதம் உருவாகும். அது மென்மையான வடிவமான பெக்கர் நோய். விதிவிலக்குகள் உண்டு என்றாலும், பெரும்பாலானவர்களுக்கு 1988இல் சொல்லப்பட்ட இந்தச் ‘சட்டக விதி’ பொருந்துகிறது.

1990இல் பிரிட்டனைச் சேர்ந்த குழுவொன்று, புரதத்துக்கான செய்தியில் 46 விழுக்காடு இல்லாதிருந்தும் 61 வயதில் நடமாடிக்கொண்டிருந்த ஒரு பெக்கர் நோயாளியைப் பற்றி எழுதியது. கேம்ப்பெலின் சங்கிலிப் படத்துடன் இதைச் சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும்: ஆக்டினைப் பற்றும் முனையும் டிஸ்ட்ரோகிளைக்கனைப் பற்றும் முனையும் இருந்தால், நடுக்கோல் குட்டையானாலும் சங்கிலி இணைந்தே இருக்கிறது. இரு முனைகளையும் வைத்துக்கொண்டு நடுக்கோலைச் சுருக்கிய ‘மைக்ரோ டிஸ்ட்ரோஃபின்’ என்ற கருத்தின் பிறப்பு இங்கேதான்.

அந்தச் சுருக்கம் விருப்பத்தால் செய்யப்பட்டதன்று, கட்டாயத்தால் செய்யப்பட்டது. மரபணுவைத் தசைக்குக் கொண்டுசெல்லும் ஏ.ஏ.வி. எனப்படும் சிறு வைரஸின் கூட்டில் ஏறத்தாழ 4,700 எழுத்துகளுக்கே இடம் உண்டு. எலெவிடிஸ் தசையில் உருவாக்கும் மைக்ரோ டிஸ்ட்ரோஃபின் இயல்பானதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. 24 மடிப்புகளில் நான்குதான் அதில் உள்ளன. வேலை செய்யும் தசைக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்ட உதவும் நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதியைச் சவ்வில் நிறுத்திவைக்கும் மடிப்புகள் (16, 17) அதில் இல்லை. அந்த 61 வயதுக்காரரிடம் இருந்த புரதத்தைவிடவும் இது மிகவும் குட்டையானது.

செய்தியில் கலந்துபோகும் இரண்டு கேள்விகள்

‘இது பலன் தருமா?’ என்பதும் ‘இது ஆபத்தானதா?’ என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்கான விடை பெரும்பாலும் வைரஸுக்குள் ஏற்றப்பட்ட சரக்கைப் பொறுத்தது. இரண்டாவதற்கான விடை பெரும்பாலும் வைரஸையும் அதன் அளவையும் பொறுத்தது. 2025இன் குழப்பத்தில் பாதி, இவை இரண்டையும் ஒன்றாகப் பேசியதால் வந்தது.

1. பலன். 2023 ஜூன் மாதம் 4, 5 வயதுச் சிறுவர்களுக்கு எலெவிடிஸ் அனுமதிக்கப்பட்டது, தசையில் மைக்ரோ டிஸ்ட்ரோஃபின் உருவானதைக் காட்டிய அளவீட்டின் அடிப்படையில். புரதம் உருவாவதும், சிறுவன் எழுந்து நடப்பதில் முன்னேற்றம் வருவதும் ஒன்றல்ல. உருவானது இயற்கையில் எவரிடமும் இல்லாத புரதம் என்னும்போது இந்த இடைவெளி இன்னும் பெரிது. அந்த ஆண்டின் இறுதியில் வெளியான மூன்றாம் கட்ட ஆய்வில், இயக்கத் திறனை அளக்கும் முதன்மை மதிப்பெண்ணில் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே புள்ளியியல் அடிப்படையில் உறுதியான வேறுபாடு இல்லை. தரையிலிருந்து எழும் நேரம் போன்ற துணை அளவீடுகள் ஊக்கமளித்தன. 2024இல் அனுமதி நடக்க இயலாதவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது, உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் சொந்த ஆய்வாளர்களின் ஆட்சேபத்தை மீறி. அந்த விரிவாக்கம் அவசரப்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

2. ஆபத்து. மருந்தின் அளவு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 133 லட்சம் கோடி வைரஸ் மரபணுப் பிரதிகள். இரத்தத்தில் செலுத்தப்படும் வைரஸின் பெரும்பகுதியைக் கல்லீரல் உறிஞ்சிக்கொள்கிறது. சில வாரங்களில் நோயெதிர்ப்பு மண்டலம் அந்தக் கல்லீரல் செல்களைத் தாக்கக்கூடும். நடக்கும் திறனை இழந்த பதின்பருவத்தினர் எடை மிகுந்தவர்கள். அவர்கள் பெறும் மொத்த அளவும் அதற்கேற்ப மிகுதி.

3. மூன்றாவது மரணம். ஆல்ஃபா சார்கோகிளைக்கன் 387 அமினோ அமிலங்களே கொண்ட சிறிய புரதம். அதன் செய்தி எதையும் வெட்டாமல் வைரஸ் கூட்டில் முழுமையாக அடங்கும். பலன் என்ற கேள்வியில் அந்த நோயாளிகள் டுஷேன் சிறுவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். ஆனால் சுமந்து சென்றது அதே ஏ.ஏ.வி. வகை. ஆபத்து என்ற கேள்வியில் சரக்கு மாறியதால் எதுவும் மாறவில்லை. அந்த மரணம் இந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டது சரிதான்.

4. ஒருமுறை மட்டும். முதல் தவணைக்குப் பின் உடல் அந்த வைரஸுக்கு எதிர்ப்புரதங்களை உருவாக்கிவிடுவதால், இப்போதுள்ள முறையில் இரண்டாம் தவணை செலுத்த இயலாது.

விலையையும் இங்கே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் ஒரு தவணைக்கு 32 லட்சம் டாலர், அதாவது 25 கோடி ரூபாய்க்கும் மேல். இந்தியாவின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் டுஷேன் நோயும் இடம்பெற்றுள்ளது. அக்கொள்கையின்படி ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நிதியுதவியின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய்.

சவ்வுக்கு வெளியே: சர்க்கரையின் கதை

கேம்ப்பெலின் பிற்கால உழைப்பில் பெரும்பங்கு ஆல்ஃபா டிஸ்ட்ரோகிளைக்கனின் மேல் உள்ள சர்க்கரைச் சங்கிலிக்குச் சென்றது. லாமினினை உண்மையில் பற்றுவது புரதப் பகுதி அன்று, அந்தச் சர்க்கரையே. சைலோஸ், குளுகுரோனிக் அமிலம் ஆகிய இரண்டும் மாறி மாறி வரும் அந்தச் சங்கிலியை லார்ஜ் என்னும் நொதி நெய்கிறது என்பதை 2012இல் அவருடைய குழு நிறுவியது. அதைக் கட்டி முடிக்கப் பத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் தேவை. எதில் பழுது வந்தாலும் டிஸ்ட்ரோகிளைக்கன் இருந்தும் பிடிப்பு இருக்காது. மூளையின் வளர்ச்சிக்கும் இதே பிடிப்பு வேண்டியிருப்பதால், இக்குடும்பத்தின் கடுமையான நோய்களில் தசையுடன் மூளையும் கண்ணும் பாதிக்கப்படுகின்றன. ஜப்பானில் காணப்படும் ஃபுகுயாமா தசைச் சிதைவு இதற்கு எடுத்துக்காட்டு.

தசைக்குத் தொடர்பில்லாத ஒரு கிளைக்கதையும் இதில் உண்டு. லாசா காய்ச்சல் வைரஸ் மனிதச் செல்லுக்குள் நுழைய இதே ஆல்ஃபா டிஸ்ட்ரோகிளைக்கனைப் பிடித்துக்கொள்கிறது என்பதும், தொழுநோய்க் கிருமி நரம்பைச் சூழ்ந்த செல்களை அடையவும் இது உதவுகிறது என்பதும் 1998இல் கேம்ப்பெல் பங்கேற்ற இரு ஆய்வுகளில் தெரியவந்தன.

சிகிச்சைக்கு இந்தச் சர்க்கரை வேறொரு வாசலைத் திறந்திருக்கிறது. சர்க்கரைச் சங்கிலியின் அடிப்பகுதியில் ரிபிட்டால் பாஸ்பேட் அலகுகள் இருப்பதையும், அவற்றில் ஒன்றை எஃப்.கே.ஆர்.பி. என்ற நொதி பொருத்துகிறது என்பதையும் 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். இந்த நொதியில் பழுதுள்ள மூட்டு வளையத் தசைச் சிதைவு நோயாளிகள் பலரிடம் நொதி அடியோடு இல்லாமற்போவதில்லை. மந்தமாக வேலை செய்கிறது. மூலப்பொருளான ரிபிட்டாலை வாய்வழியாக மிகுதியாகக் கொடுத்தால் மந்தமான நொதியும் கூடுதலாகப் பொருத்தும் என்ற எண்ணத்தில் மருத்துவ ஆய்வுகள் நடந்துவருகின்றன. இதில் வைரஸ் இல்லை; ஒருமுறைதான் தர முடியும் என்ற கட்டுப்பாடும் இல்லை; தேவையானால் மருந்தை நிறுத்திவிடலாம். நொதியின் செயல் எஞ்சியிருப்பவர்களுக்கே இது பொருந்தும் என்பதால், எந்த மரபணுவில் எந்த இடத்தில் பழுது என்பதைச் சொல்லும் மரபணுப் பரிசோதனை இல்லாமல், ‘மூட்டு வளையத் தசைச் சிதைவு’ என்று மட்டும் எழுதப்பட்ட மருத்துவ அறிக்கையை வைத்துக்கொண்டு ஒருவர் இந்த மருந்துக்குத் தகுதியானவரா என்று கூற முடியாது.